வரவிருக்கும் வண்டி

மக்கள் தம் வாழ்நாளில் ஒரு பகுதியை உழைப்பிற் கழிக்கின்றனர். ஒரு பகுதியை உறக்கத்திற் கழிக்கின்றனர். எஞ்சிய காலத்திற் பெரும்பாகம் எதையேனும் எதிர்நோக்கியிருப்பதிலேயே கழிந்துவிடுகின்றது. தேர்வின் முடிவை எதிர்நோக்கியிருக்கும் மாணவர் நம் கல்லூரியிற் பலர். சித்திரையில் மழை வருதலையும், கார்த்திகையில் அம்மழை நிற்றலையும் எதிர்நோக்கியிருப்போர் நம் நகரத்தார் அனைவரும். யாமோ 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதலாக ஒரு மோட்டார் வண்டியை எதிர்நோக்கியிருக்கின்றோம். அவ்வண்டி இன்னும் எம் இல்லத்திற்கு வந்திலது. வாராத வண்டியைப்பற்றி எழுதுதற்கு என்ன இருக்கின்றது என்று நேயர்கள் வினவக்கூடும். காத்திருந்த காலத்தில் யாம் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. அதனைக் கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

யாம் விரும்பும் வண்டிக்கு இலக்கணம் மூன்று. முதலாவது, அது பெட்ரோலையும் டீசலையும் அறவே விடுத்து மின்சாரத்தாலேயே ஓடுதல் வேண்டும். இரண்டாவது, ‘எஸ்.யூ.வி.’ என்று இக்காலத்தார் வழங்குகின்ற, தரையினின்றும் உயர்ந்து நிற்கும் வகையைச் சார்ந்ததாதல் வேண்டும். மூன்றாவது, கல்லூரி ஆசிரியர் ஒருவரின் ஊதியத்திற்கு எட்டுவதாதல் வேண்டும். முதலாவதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. மூன்றாவதற்குக் காரணம் கூற யாம் விரும்பவில்லை. இரண்டாவதற்கு மட்டும் இரண்டு காரணங்கள் கூறுவோம். எம் அன்னையார்க்கு அகவை எண்பதைக் கடந்துவிட்டது. முழங்கால்கள் எளிதில் மடங்குவதில்லை. தாழ்ந்த வண்டியினுள் அவர் அமர்வது கிணற்றில் இறங்குவதை ஒக்கும். உயர்ந்த வண்டியின் இருக்கை இடுப்பளவில் நிற்றலால், நின்றவாறே சற்றுச் சாய்ந்து அமர்ந்துவிடலாம். மற்றொரு காரணம் மழை. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், தாழ்ந்த வண்டிகள் நீரில் முழுகிக் கிடந்த காட்சியை நம் நகரத்தார் மறந்திலர். உயர்ந்த வண்டி தோணியாகிவிடாது என்பதை யாம் அறிவோம். ஆயினும் கணுக்கால் அளவு நீருக்கே அஞ்சி நிற்கும் வண்டியினும் அது மேலன்றோ?

மின்சாரத்தால் ஓடும் வண்டி நம் நகருக்குப் புதுமையன்று. இந்தியாவிலேயே முதன்முதல் மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான். அது 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் தொடங்கிற்று. முதலிற் பாதையின் அடியிலிருந்தும், பின்னர் மேலே கட்டிய கம்பியிலிருந்தும் மின்சாரம் பெற்று அது மயிலாப்பூர் வரையிலும் வந்துகொண்டிருந்தது. 1931-ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. டிராம் 1953-ஆம் ஆண்டு ஏப்ரலில் நின்றுபோயிற்று. எம் அன்னையார் ஏழெட்டு அகவைச் சிறுமியாயிருந்தபோது அதில் ஏறிச் சென்றவர். யாம் புதிய மின்சார வண்டிகளின் பெருமையை வியந்து பேசும்போதெல்லாம், “அதில் என்ன அதிசயம்? நான் அணாக் கொடுத்து மின்சார வண்டியிற் போனவள். மணியோசை ஒன்றுதான் கேட்கும், புகை ஏது?” என்று கூறி எம் வாயை அடைத்துவிடுவார்.

டிராமுக்கும் ரயிலுக்கும் கம்பி உண்டு. கம்பியின்றித் தன் மின்சாரத்தைத் தானே சுமந்து செல்லும் வண்டிக்கன்றோ இடர்ப்பாடு! அமெரிக்க நாட்டில் 1900-ஆம் ஆண்டையொட்டிச் சாலையில் ஓடிய மோட்டார் வண்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சார வண்டிகளே. 1908-ஆம் ஆண்டில் போர்டு கம்பெனியார் மலிவான பெட்ரோல் வண்டியை வெளியிட்டனர். அதன் எஞ்சினை முன்புறம் நின்று கைப்பிடியாற் சுழற்றி முடுக்க வேண்டியிருந்தது. 1912-இல் மின்சாரத்தாலேயே எஞ்சினை முடுக்கும் கருவி காடிலாக் வண்டியில் வந்தது. பெட்ரோல் வண்டி மின்சார வண்டியை வென்றதற்கு மின்சாரமே துணைபுரிந்தது என்பது வியப்பிற்குரியது. ஈயத்தாலாகிய பழைய மின்கலங்கள் பெருஞ்சுமையாயிருந்தமையால் மின்சார வண்டி பல்லாண்டுகள் தலையெடுக்கவில்லை.

அதனை மீண்டும் எழுப்பியது லித்தியம் என்னும் மிக இலேசான உலோகம். லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கிய குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டில் வேதியியலுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இத்துறையில் தமிழ்நாட்டிற்கும் ஒரு பங்குண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தமையால், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1948-ஆம் ஆண்டு ஜூலையில் பண்டித நேரு கால்கோள் செய்தார். 1953-ஆம் ஆண்டு ஜனவரியில் அது திறக்கப்பெற்றது. டிராம் மறைந்த ஆண்டும் இந்நிலையம் பிறந்த ஆண்டும் ஒன்றே. அடையாற்றையடுத்த தரமணியிலும் அதற்கு ஒரு கிளை உண்டு.

மின்சார வண்டியின் சிறப்பை உணர்தற்கு நம் தெருக்களைவிட ஏற்ற இடம் வேறில்லை. பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சேர்கின்றது. எஞ்சியது வெப்பமாகவும் புகையாகவும் வீணாகின்றது. மின்சார வண்டியிலோ முக்காற் பங்கிற்கு மேல் சக்கரத்தைச் சேர்கின்றது. தடையை அழுத்தும்போதும் ஓட்டத்தின் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றி மீண்டும் கலத்தில் இட்டுக்கொள்கின்றது. லஸ் முனையினின்றும் ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியாகப் பனகல் பூங்காவை அடைவதற்குள் எத்தனை முறை நிற்கின்றோம், எத்தனை முறை புறப்படுகின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்போர் இதன் அருமையை அறிவர். பழைய வண்டி நின்றுகொண்டே எண்ணெயைக் குடிக்கும். புதியது நிற்கும்போது சக்கரத்தின்பொருட்டு ஒன்றும் செலவிடாது. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓடும் எம்போல்வார்க்கு 4 அல்லது 5 யூனிட்டு மின்சாரமே போதும். வீட்டுச் சுவரிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் அதனை இரண்டு மணி நேரத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

இனி விலையின் வரலாற்றைக் கூறுவோம். பெங்களூரில் 2001-இல் வெளிவந்த ரேவா என்னும் சிறு வண்டியை யாம் கண்டு மகிழ்ந்ததுண்டு. ஆயினும் குடும்பத்தோடு செல்லுதற்கு அதில் இடம் போதாது. 2019 ஜூலையில் ஹூண்டாய் கம்பெனியார் நம் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் இணைக்கப்பெற்ற கோனா என்னும் மின்சார எஸ்.யூ.வி. வண்டியை வெளியிட்டனர். விலை 25 இலட்சம் ரூபாய்க்கு மேல். செய்தியைப் படித்த அன்றே யாம் காத்திருக்கத் தொடங்கினோம். 2020 ஜனவரியில் டாட்டா கம்பெனியாரின் நெக்ஸான் மின்வண்டி 13.99 இலட்சத்தில் தொடங்கும் விலையில் வந்தது. 2024 ஜனவரியில் அவர்களே பஞ்ச் என்னும் வண்டியை 10.99 இலட்சத்தில் தொடங்கினர். மின்கலத்தின் விலை வீழ்ந்ததே இதற்குப் பெருங்காரணம். ஒரு யூனிட்டு மின்சாரத்தைச் சேமிக்கும் கலத்தொகுதி 2010-ஆம் ஆண்டில் 1,000 டாலருக்கு மேல் விற்றது. 2024-இல் 115 டாலருக்கு வந்துவிட்டதாகப் புளூம்பெர்க் நிறுவனத்தாரின் கணக்குக் கூறுகின்றது.

இவ்வளவு குறைந்தபின்னும் யாம் ஏன் வாங்கவில்லை என்று நண்பர்கள் கேட்பர். உண்மையைக் கூறின், விலை குறையக் குறைய எம் நிபந்தனைகள் பெருகின. 25 இலட்சமாயிருந்தபோது விலை ஒன்றே தடையாயிருந்தது. 14 இலட்சமானபோது, ஒருமுறை மின்சாரம் ஏற்றினால் திண்டிவனம் சென்று மீளுமா என்று ஐயுற்றோம். 11 இலட்சமானபோது, இன்னும் ஓராண்டு பொறுத்தால் பத்துக்குள் வாராதா என்று கணக்கிட்டோம். 2025 ஜனவரியில் கிரெட்டாவின் மின்சார வடிவம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்டு கம்பெனியார் தூத்துக்குடியில் தொழிற்சாலை திறந்தனர். அக்டோபரில், இந்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்படும் மின்சார எஸ்.யூ.வி. ஒன்றை 2027-க்குள் கொணர்வதாக ஹூண்டாய் கம்பெனியார் அறிவித்தனர். ஒவ்வோர் அறிவிப்பும் எமக்கு மேலும் ஓராண்டு காத்திருத்தற்கு அநுமதிச் சீட்டாயிற்று. இலவு காத்த கிளியைப் பலரும் பரிகசிப்பர். அக்கிளிக்கேனும் காய் ஒன்றே. எமக்கோ ஆண்டுதோறும் ஒரு புதிய காய் காய்த்துக்கொண்டிருந்தது.

நிற்க. இக்காலமெல்லாம் யாம் கால்நடையாகச் சென்றுவந்தோமென்று நேயர்கள் கருதற்க. எம்மிடம் பழைய டீசல் வண்டி ஒன்று உண்டு. யாம் குடியிருப்பது மயிலாப்பூரில், மாடவீதிகளினின்றும் சிறிது தொலைவிலுள்ள ஆறு குடும்பங்கள் வாழும் ஓர் அடுக்குவீட்டில். கீழ்த்தளத்தின் பக்கவாட்டில் வண்டி நிறுத்துமிடம். அதன் உட்கோடியில் ஒரு சன்னல். அச்சன்னலுக்குள் இருப்பவர் எம் அன்னையாரின் தோழியாகிய ஓர் அம்மையார், கைம்பெண், பல்லாண்டுகளாக மூச்சிரைப்பு நோயால் வருந்துபவர். காலையில் விரைந்து புறப்படுதற்கு வசதியாக, யாம் இரவில் வண்டியைப் பின்புறமாகவே உட்செலுத்தி நிறுத்துவது வழக்கம். அங்ஙனம் நிறுத்தினால் வண்டியின் முகம் தெருவை நோக்கும். சைலன்சர் அச்சன்னலை நோக்கும். நாள்தோறும் காலை ஏழரை மணிக்கு யாம் எஞ்சினை முடுக்குவோம். ஏழேகால் மணிக்கே அச்சன்னல் சாத்தப்பட்டுவிடும். இதனை யாம் பல ஆண்டுகள் கண்டோம், கண்டும் கருதிலேம்.

சென்ற ஆண்டு, வண்டி எவ்வகையினும் இனி வந்துவிடும் என்னும் துணிவினால், வண்டி நிறுத்துமிடத்தில் மின்னேற்றப் பிளக் ஒன்று அமைத்துக்கொள்ளக் குடியிருப்போர் சங்கத்திடம் அநுமதி வேண்டினோம். ஆறு குடும்பத்தாரும் மொட்டைமாடியிற் கூடினர். ஐவர் மறுப்புக் கூறவில்லை. மறுத்தவர் கீழ்வீட்டு அம்மையார் ஒருவரே. “தம்பி, நான் தூங்குகிற சன்னலுக்குப் பக்கத்தில் இராமுழுவதும் மின்சாரம் ஏறிக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வாராது. வேலூரில் நடந்ததைப் பத்திரிகையிற் படித்தேன்” என்றார். 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வேலூரில், இரவில் மின்னேற்றத்திற்கு இட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்ற, அப்புகையால் ஒரு தந்தையும் அவர்தம் மகளும் உயிர்துறந்த துயரச்செய்தியையே அவர் குறித்தார். வீணச்சம் என்று அதனைத் தள்ளிவிட எவராலும் இயலவில்லை. கூட்டம் முடிவின்றிக் கலைந்தது.

யாம் மிக்க சினத்தோடு படியேறி வந்தோம். வீட்டில் அமர்ந்து ஒரு சொற்பொழிவே ஆற்றினோம். உலகம் எங்கே செல்கின்றது! நார்வே நாட்டில் 2024-ஆம் ஆண்டு விற்ற புது வண்டிகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சார வண்டிகளாயிருக்க, மயிலாப்பூரில் ஒரு பிளக்கிற்கு வழியில்லை! புகையால் வருந்துபவரே புகையற்ற வண்டியைத் தடுப்பது என்ன பேதைமை! இவ்வாறெல்லாம் கூறி முடித்தபின், அதுகாறும் வாய்திறவாது கீரையை ஆய்ந்துகொண்டிருந்த அன்னையார் தலைநிமிராமலே கூறினார்: “நீ அந்த வண்டி வருவதற்காகக் காத்திருக்கிறாய். அவள் உன் வண்டி போவதற்காகக் காத்திருக்கிறாள். யார் அதிக நாள் காத்திருந்தது?”

எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. அன்றிரவு உறக்கம் வருதற்கு நெடுநேரமாயிற்று. டீசல் புகை புற்றுநோயை விளைவிப்பது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழுவினர் 2012-ஆம் ஆண்டிலேயே முடிவு கூறினர். இச்செய்தியை எம் வகுப்பில் யாமே மாணவர்க்கு எடுத்துரைத்திருக்கின்றோம். அம்மையாரின் மூச்சிரைப்பை யாம் அறியாதவரும் அல்லேம். இரவிலே அவர்க்கு மூச்சுத் திணறியபோது மருத்துவமனைக்கு இவ்வண்டியிலேயே அழைத்துச் சென்றதும் உண்டு. அன்று எம்மை நல்ல அண்டைவீட்டார் என்று எல்லோரும் புகழ்ந்தனர்; யாமும் அப்புகழை மறுத்திலேம். ஒவ்வொரு நாட்காலையும் அவர் சன்னலிற் புகையூதிவிட்டு, ஒருநாள் இரவு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதற்குப் புகழ் பெற்றுக்கொண்டோம் என்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

இதில் எம்மைப் பெரிதும் நாணச் செய்தது மற்றொன்று. ஆண்டுதோறும் யாம், “மின்சார வண்டி வந்துவிட்டால் இப்புகை இராது” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவ்வெண்ணம் நல்லெண்ணமே. ஆயினும் அந்நல்லெண்ணமே எமக்குப் போர்வையாயிற்று. நாளை செய்யவிருக்கும் பெரிய நன்மையை நினைந்து, இன்று செய்துகொண்டிருக்கும் சிறிய தீமையைப் பொறுத்துக்கொள்ளுமாறு எம்மை யாமே கேட்டுக்கொண்டோம். வருந்தியவர் வேறொருவராகலின் அப்பொறுமை எமக்கு எளிதாயிற்று.

மறுநாள் மாலை வண்டியை முன்புறமாகவே உட்செலுத்தி நிறுத்தினோம். சைலன்சர் தெருவை நோக்கிற்று. இதற்கு லித்தியம் வேண்டியதாயில்லை. நோபெல் பரிசு பெற்றார் உதவியும் வேண்டியதாயில்லை. காலையில் தெருவினுள் பின்புறமாக வண்டியைச் செலுத்துவது சற்றுத் தொல்லையே. பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் செல்லும் நேரமாகையால் ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்பட வேண்டியிருக்கின்றது. அத்தொல்லைக்கு அஞ்சியே இத்தனை ஆண்டுகள் புகையை உள்ளே விட்டோம். ஐந்து நிமிடத்திற்கு எத்துணை விலை வாங்கிவிட்டோம்!

வாரத்தில் மூன்று நாள் வண்டியை எடுப்பதில்லை என்றும் ஒரு விதி செய்துகொண்டோம். 1997-ஆம் ஆண்டிலேயே திருமயிலைக்கு வந்துவிட்ட பறக்கும் ரயில் எம் வீட்டினின்றும் நடக்கும் தொலைவில்தான் இருக்கின்றது. அதுவும் மின்சாரத்தாலேயே ஓடுகின்றது. தியாகராய நகரில் துணிமணி வாங்கவேண்டின், மாம்பலம் ரயிலடியினின்றும் பேருந்து நிலையம் வரை 2023-இல் அமைக்கப்பெற்ற ஆகாய நடைபாலத்தின் வழியே வெயிலின் தொல்லையின்றிச் செல்லலாம். 2025-ஆம் ஆண்டு ஜூன் முடிவில் வியாசர்பாடிப் பணிமனையினின்றும் 120 மின்சாரப் பேருந்துகளும், ஆகஸ்டில் பெரும்பாக்கத்தினின்றும் 135 மின்சாரப் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. அடையாற்றில் நின்றுகொண்டிருந்த ஒருநாள் அத்தகைய பேருந்தொன்று ஓசையின்றி எம்முன் வந்து நின்றது. படி தாழ்ந்திருந்தது, கிழவர் ஒருவர் பிறர் துணையின்றியே ஏறினார். எம் ஊதியத்திற்கு எட்டும் மின்சார வண்டி எப்போது வரும் என்று ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த எம் முன்னே, சில ரூபாய்ச் சீட்டிற்கு அது வந்து நின்றதைக் கண்டு சிரித்துக்கொண்டே ஏறினோம்.

இவ்வாறெல்லாம் எழுதுவதனால் மின்சார வண்டியின்மேல் எமக்கிருந்த விருப்பம் தணிந்துவிட்டது என்று எண்ணற்க. அன்னையாரின் முழங்கால் பேருந்து நிறுத்தம் வரை நடவாது. அவர்க்கு அவ்வுயர்ந்த இருக்கை வேண்டும். ஆயினும் அவ்வண்டியைப்பற்றி எம் எண்ணம் சற்றுத் தெளிந்திருக்கின்றது. புகையில்லாத வண்டி என்கின்றோம். நம் தெருவிற் புகையில்லை என்பது மெய்யே. அதன் மின்சாரத்தில் ஒரு பகுதி எண்ணூர்ப் பக்கத்து அனல் மின்நிலையங்களில் நிலக்கரியை எரித்து உண்டாக்கப்படுவது. அச்சாம்பல் கொசத்தலையாற்றின் கழிமுகத்திற் படிவதுபற்றி அங்குள்ள மீனவர் நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர். மயிலாப்பூர்ச் சன்னல் திறக்கும்போது எண்ணூரில் ஒரு சன்னல் சாத்தப்படுமாயின், சைலன்சரின் முகத்தை நாம் வேறொருவர் வீட்டுப் பக்கம் திருப்பிவைத்ததாக முடியும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும், 2016-இல் கமுதியில் அமைந்த கதிரொளி மின்நிலையமும் போல்வன பெருகப் பெருக இக்குறை நீங்கிவரும். அதுகாறும், வண்டி வாங்குவோர் தம்மைக் குற்றமற்றவராகக் கருதிக்கொள்ளாது, வேண்டுமளவே ஓட்டுதல் நன்று.

பிளக்கின் கதையை முடித்துக் கூறுவோம். சில திங்கள் கழித்து யாமே அம்மையாரின் இல்லத்திற்குச் சென்றோம். இம்முறை வாதாடுதற்குச் செல்லவில்லை. “மாமி, இத்தனை ஆண்டுகள் உங்கள் சன்னலிற் புகை விட்டோம்; பொறுத்துக்கொண்டீர்கள். பிளக்கை எங்கே வைத்தால் உங்களுக்கு அச்சமில்லை என்று நீங்களே சொல்லுங்கள். எங்குமே வேண்டாமென்றாலும் சரியே” என்றோம். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “புகையைப்பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லையே, தம்பி” என்றார். உண்மைதான், அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சன்னலைச் சாத்திக்கொண்டார்; அவ்வளவே.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துவந்து அவர்முன்னேயே எல்லாவற்றையும் விளக்கச் செய்தோம். வேலூர் நிகழ்ச்சி போன்றவற்றின் பின்னர், 2022 டிசம்பர் முதல் மின்கலங்களின் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன என்பதையும் கூறினோம். அவர் கேட்ட வினாக்கள் எம் வகுப்பு மாணவர் கேட்பனவற்றினும் கூரியனவாயிருந்தன. கம்பி யார் மீட்டரினின்றும் வரும்? மழைநீர் அங்கே நிற்குமா? இரவிலே ஏதேனும் நேர்ந்தால் யார் ஓடிவந்து நிறுத்துவார்? முடிவில் அவரே சில நிபந்தனைகள் கூறினார். பிளக் சன்னலின் அருகே கூடாது. வாயிற்கதவின் பக்கத்துச் சுவரில், 2023-இல் நீர் நின்ற அடையாளத்திற்கு மேலே இருத்தல் வேண்டும். தனிக் கம்பியும் எர்த்தும், கசிவு நேர்ந்தால் தானே மின்னோட்டத்தை அறுக்கும் கருவியும் வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் மின்னேற்றம் கூடாது. வீட்டிலுள்ள ஆறு குடும்பத்தாரும் தத்தம் செலவில் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே எமக்குப் போதுமாதலின் எல்லாவற்றிற்கும் உடன்பட்டோம். இறுதி நிபந்தனை எமக்குத் தோன்றியிருத்தல் வேண்டும், தோன்றியவர் அவர்.

மாணவ நண்பர்களே, உங்கள் காலத்தில் இவ்வண்டிகள் தெருவெங்கும் நிறைந்துவிடும். நீங்கள் இதனைப் படித்து, ஒரு பிளக்கிற்காக இத்தனை பாடா என்று நகைப்பீர்கள். நகைத்துக்கொள்ளுங்கள். ஆயினும் உங்களுக்கும் வரவிருக்கும் வண்டி ஏதேனும் ஒன்று இருந்தே தீரும். பட்டம் பெற்றபின் பெற்றோரைப் பேணுவோம் என்பீர்கள்; வேலை கிடைத்தபின் நல்லன செய்வோம் என்பீர்கள். காத்திருங்கள், அது குற்றமன்று. காத்திருக்கும் நாட்களில் உங்கள் வண்டி எவர் சன்னலை நோக்கி நிற்கின்றது என்பதை மட்டும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

பிளக் இப்போது சுவரில் இருக்கின்றது. அதன்மேல் ஒரு மூடியும் இருக்கின்றது. வண்டி மட்டும் இன்னும் வரவில்லை. விலையைப்பற்றிய எம் கணக்கு இவ்வாண்டும் முடிந்தபாடில்லை. அடுத்த திங்கள் அன்னையாரை அழைத்துச் சென்று இரண்டொரு வண்டிகளில் ஏறி அமர்ந்து பார்க்கச் செய்வதாக இருக்கின்றோம். அவர்க்கு எதில் ஏற எளிதோ அதுவே எம் வண்டி என்று துணிந்துவிட்டோம். இன்று காலை ஏழரை மணிக்கு யாம் பையுடன் ரயிலுக்குப் புறப்பட்டபோது கீழ்வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. அம்மையார் உள்ளே அமர்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். “என்ன தம்பி, உன் வண்டி எப்போதுதான் வரும்?” என்று கேட்டார். இப்போது அவரும் எம்மோடு காத்திருக்கின்றார்.